அந்தஸ்து என்ற ஒரு சொல்: காதி நீதிமன்றத்தை ஊவாவிலிருந்து வாசித்தல்

காதி நீதிமன்றம் பற்றிக் கடந்த இருபது வருடங்களில் எங்கட சமூகத்தில் எழுதப்பட்டவற்றை ஒன்றாக அடுக்கினால் அவை இரண்டு கட்டாகப் பிரியும். ஒரு கட்டு, "இது ஷரீஆ, இதில் கைவைக்காதீர்கள்" என்கிறது. மற்றக் கட்டு, "இது பெண்களுக்கு அநீதி, மூடிவிடுங்கள்" என்கிறது. குத்பாக்கள், துண்டுப்பிரசுரங்கள், பத்திரிகைக் கட்டுரைகள், முகநூல் சண்டைகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

இரண்டு கட்டுகளையும் பொறுமையாக வாசிப்பவருக்கு ஒன்று புலப்படும். காதியார் எங்கே உட்காருகிறார், அவர் சொல்வதை யார் எழுதுகிறார், எழுதியது எங்கே வைக்கப்படுகிறது, அவருக்கு என்ன கொடுக்கிறார்கள், பதவிக்கு வர அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அங்கே கிடைக்கும் இடம் மிகக் குறைவு. மார்க்கம் பேசப்படுகிறது, உரிமை பேசப்படுகிறது. நீதிமன்றம் ஒரு நீதிமன்றமாக எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது.

காதி நீதிமன்றத்தில் எங்கட பெண்கள் படும் துன்பத்தின் பெரும் பகுதி ஷரீஆவிலிருந்து வருவதாக எனக்குத் தெரியவில்லை. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதி என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, நீதிபதிக்குரிய எதையும் கொடுக்காமல் விட்டதிலிருந்தே அது வருகிறது. பாதுகாக்க நினைப்பவர்களும் மூட நினைப்பவர்களும் இந்த ஒரு விடயத்தை ஒரே அளவில் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1. மலைக்கு வந்த சட்டம்

இந்தச் சட்டத்தின் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1806 இல் பிரித்தானியர் கொழும்பில் முகம்மதியச் சட்டக்கோவையை வெளியிட்டனர். அதற்கு முன் ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த தொகுப்பே அதற்கு அடிப்படை. அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் கொழும்பு முஸ்லிம் பெரியவர்களின் ஆலோசனையுடன் அதைச் சீர்செய்தார். அப்போது ஊவா கண்டி இராச்சியத்துக்குள் இருந்தது. 1815 இல் கண்டி வீழ்ந்தது. 1818 இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அதன் பிறகும் கரையோர முஸ்லிம்களுக்கான சட்டக்கோவை மலைநாட்டுக்கு வரப் பல வருடங்கள் எடுத்தன. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அதைக் கண்டி மாகாணங்களுக்கு விரித்தது. ஆக, எங்கட பகுதிக்கு முஸ்லிம் தனியார் சட்டம் சட்டப் புத்தகத்தின் வழியாக வந்தது கோப்பித் தோட்டக் காலத்தில்.

1886 இல் விவாகப் பதிவுக்கு ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1929 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1937 இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் இன்று நாம் அறிந்த காதியார் பிறந்தார். விவாகரத்து, தாபரிப்பு போன்றவற்றை விசாரிக்கும் அதிகாரம் அவரிடம் வந்தது. அதன் இடத்தை 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பிடித்தது. 1954 முதல் நடைமுறையில் இருப்பது அதுவே.

இதற்குப் பிறகு நடந்த ஒன்றை எங்கட எழுத்தாளர்கள் அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. 1962 இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் காதியின் அதிகாரம் நீதித்துறை அதிகாரமே என்று தீர்த்தது. அப்படியானால் அவரை அமைச்சர் நியமிக்க முடியாது, நீதிச்சேவை ஆணைக்குழுவே நியமிக்க வேண்டும். பிறகு சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. மாவட்ட நீதிபதியையும் நீதவானையும் நியமிக்கும் அதே ஆணைக்குழுதான் காதியையும் நியமிக்கிறது. "காதியார் என்றால் பள்ளி நிர்வாகத்துல உள்ள ஒரு பெரியவர்தானே" என்று எங்கட ஊர்களில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் அவர் நீதிபதி. 60 வருடங்களுக்கு மேலாக அவர் நீதிபதி.

2. பன்னிரண்டாம் பிரிவை வாசித்தல்

நீதிபதிக்கு என்ன தகைமை வேண்டும் என்று சட்டம் கேட்கிறது? 12 ஆம் பிரிவின் சாரம் இது: அவர் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும், நன்னடத்தையும் அந்தஸ்தும் தகுந்த தேர்ச்சியும் உடையவராக இருக்க வேண்டும். மேன்முறையீட்டை விசாரிக்கும் காதிகள் சபையின் ஐந்து உறுப்பினர்களுக்கும் ஏறக்குறைய இதே சொற்கள்தான்.

இந்தச் சொற்களை ஒரு இலக்கியப் பிரதியைப் போல நிதானமாக வாசித்துப் பாருங்கள். "ஆண்" என்ற சொல்லில் மயக்கம் இல்லை. "நன்னடத்தை" யாரும் மறுக்காத சொல். "தகுந்த தேர்ச்சி" என்றால் எதற்குத் தகுந்த தேர்ச்சி? சட்டமா, பிக்ஹா, கணக்கா? சொல்லப்படவில்லை. சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. மௌலவியாகவும் இருக்க வேண்டியதில்லை. இரண்டும் இல்லாமல் ஒருவர் காதியாகலாம்.

மிஞ்சுவது "அந்தஸ்து". நான்கு சொற்களில் இதுவே கனமானது என்பேன். 1950 களில் ஊருக்கு ஊர் ஒரு ஹாஜியார், ஒரு முதலாளி, ஒரு ஓய்வுபெற்ற அதிபர் இருந்தார். அவர் சொன்னால் ஊர் கேட்கும். சட்டத்தை எழுதியவர்கள் அவரை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். அவருக்குக் கட்டடம் தேவையில்லை, வீட்டு விறாந்தை போதும். எழுதுவினைஞர் தேவையில்லை, மகன் எழுதுவான். சம்பளமும் தேவையில்லை, கடை இருக்கிறது. அந்தஸ்தே அவருக்கு அலுவலகம். அந்தஸ்தே அவருக்குப் பொலிஸ்.

ஊவாவில் இதை வைத்துப் பார்த்தால் என்ன நடக்கும்? பதுளை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளை நகரங்களிலும் குருத்தலாவை போன்ற ஊர்களிலும் முஸ்லிம்கள் கூட்டாக வாழ்கிறார்கள். அங்கே அந்தஸ்து என்பதற்கு ஏதோ ஒரு பொருள் உண்டு. ஆனால் பண்டாரவளை–பதுளை வீதியில் தெமோதரை போன்ற இடங்களில் கடைத்தெருவில் சில குடும்பம், தோட்டத்தில் சில குடும்பம் என்று சிதறிக் கிடப்பவர்களுக்கு நகரத்து ஹாஜியாரின் அந்தஸ்து என்பது தங்களுக்கு மேலே உள்ள ஒரு படி. தோட்டக் கடையில் வேலை செய்பவரின் மகள், நகரத்து வியாபாரியின் மருமகளாகிப் பிரச்சினைப்பட்டுக் காதியாரிடம் போகிறாள் என்று வையுங்கள். காதியாரும் மாமனாரும் ஒரே பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர்களாக இருக்கலாம். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. அந்தஸ்தைத் தகைமையாக வைத்த சட்டம், அந்தஸ்து உள்ள தரப்பின் பக்கத்தில் நீதிபதியை உட்கார வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

3. ஆதாபுல் காதி என்ன சொல்கிறது

"இது ஷரீஆ நீதிமன்றம்" என்று சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஷரீஆ தன் நீதிபதியிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கிறது?

இதற்கென்றே எங்கட மரபில் ஒரு தனி நூல்வகை உண்டு. ஆதாபுல் காதி என்பார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஹனபி அறிஞர் அல்கஸ்ஸாப் அந்தப் பெயரில் எழுதினார். பிறகு ஷாபிஈ அறிஞர் அல்மாவர்தி எழுதினார். மாவர்தி தாமே காதியாக இருந்தவர். இந்த நூல்கள் வெறும் உபதேசம் அல்ல. நீதிமன்ற நிர்வாகத்தின் கைநூல்கள் என்றே சொல்லலாம்.

அவற்றில் பேசப்படும் சில விடயங்களைப் பாருங்கள். புதிய காதி பதவியேற்றதும் முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று, முன்னைய காதியின் பதிவேடுகளை எண்ணிப் பொறுப்பேற்பது. காதிக்கு நேர்மையான ஒரு காதிப், அதாவது எழுத்தர், இருக்க வேண்டும். வழக்காளிகளிடமிருந்து அன்பளிப்பு வாங்கக் கூடாது. கோபத்தில் தீர்ப்பளிக்கக் கூடாது. இதற்கு நபி (ஸல்) அவர்களின் ஹதீஸே ஆதாரம். அவருடைய வாழ்க்கைச் செலவு பைத்துல் மாலிலிருந்து வர வேண்டும், ஏனென்றால் தேவையுள்ள நீதிபதி வழக்காளியின் கையைப் பார்க்க நேரிடும். அமரும் இடம் எல்லோரும் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். பள்ளிவாசலில் அமர்ந்து தீர்ப்பளிப்பதை ஹனபிகளும் மாலிகிகளும் அனுமதிக்க, ஷாபிஈகள் அதை விரும்பவில்லை. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லும் எங்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்போம்?

உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் பிரபலமானது. வழக்காளிகள் இருவரையும் பார்வையிலும் இருக்கையிலும் சமமாக நடத்துங்கள் என்பது அதன் கருத்து. இருக்கையில் சமம் என்றால் முதலில் இருக்கை இருக்க வேண்டும். காதியாரின் வீட்டு ஹோலில் ஆண்கள் கதிரையில் இருக்க, பெண் குசினிப் பக்கமாக நின்று பதில் சொல்கிற ஒழுங்கில் அந்தச் சமம் எப்படி வரும்?

இந்த அளவுகோலை எடுத்து 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறையை அளந்து பாருங்கள். பெரும்பாலான காதிமாருக்கு நிரந்தரமான நீதிமன்றக் கட்டடம் இல்லை. வீட்டில், பள்ளிவாசல் அறையில், பாடசாலையில், யாராவது கொடுத்த கடையின் மேல்மாடியில் அமர்கிறார்கள். கொடுப்பனவு சம்பளம் என்று சொல்லத்தக்கதல்ல. வேலை பகுதிநேரம், ஆகவே வார இறுதியில் சில மணித்தியாலம். முறையான பயிற்சி இல்லை. காதியே விசாரிக்கிறார், காதியே எழுதுகிறார், காதியே கோப்பை வீட்டு அலுமாரியில் வைக்கிறார். பதவிக்காலம் முடிந்து புதியவர் வந்தால் கோப்புகள் வீடு மாற வேண்டும். மழை, கறையான், ஞாபகமறதி எல்லாவற்றையும் தாண்டி அவை மாற வேண்டும். அல்கஸ்ஸாப் ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் முதற்கடமை என்று எழுதியது எங்கட நாட்டில் தற்செயலாக நடக்கிறது.

ஷரீஆவைப் பாதுகாக்கிறோம் என்று மேடையில் பேசியவர்கள் இந்தச் சட்டத்தில் ஷரீஆ கேட்ட எழுத்தரை, சம்பளத்தை, பதிவேட்டை, இருக்கையை ஏன் கேட்கவில்லை? இதைக் கேட்பதால் எந்த ஆலிமுக்கும் சங்கடம் வராது. அரசுக்கும் பெரிய செலவு வராது. நாடு முழுவதும் ஏறக்குறைய 65 காதிமார்தான் இருக்கிறார்கள்.

4. தெமோதரையிலிருந்து பார்த்தால்

மூடச் சொல்பவர்களின் வாதத்தையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வது: காதி நீதிமன்றத்தை எடுத்துவிட்டால் முஸ்லிம் பெண்ணும் மற்றப் பெண்களைப் போல மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவாள், சமமாவாள்.

தெமோதரைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இரண்டு பெண்களை வைத்துப் பார்ப்போம். ஒருத்தி இந்து, மற்றவள் முஸ்லிம். இருவரையும் கணவன்மார் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இருவருக்கும் பிள்ளைகள் உண்டு.

இந்துப் பெண் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்துக்குப் போவாள். அங்கே கட்டடம், பதிவாளர், கோப்பு எண், தவணைத் திகதி எல்லாம் உண்டு. கட்டளையை மீறினால் பிடியாணையும் வரும். ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்குக்கு வெளியே பொதுவாக நீதிமன்ற மொழி சிங்களம். அவள் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் நீதவானிடம் போகும். "நான் ஒரு மணித்தியாலம் அழுதழுது சொன்னத அவர் ரெண்டு வசனத்துல சொல்லிட்டார்" என்று சொல்லும் பெண்களை இந்தப் பக்கத்தில் தேடிப் போக வேண்டியதில்லை. விவாகரத்து வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம், சட்டத்தரணி, குற்றத்தை நிரூபித்தல், வருடக்கணக்கு. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாகவே 2021 வரை போராட வேண்டியிருந்த தோட்டத்தில் ஒவ்வொரு தவணையும் ஒரு நாட்சம்பளத்தைத் தின்றுவிடும்.

முஸ்லிம் பெண்ணுக்கு நீதவானின் கதவு திறக்காது. தாபரிப்பும் காதியின் தனி அதிகாரத்துக்குள் வருகிறது. அவள் காதியாரிடம் போவாள். அங்கே கட்டடம் இல்லை. ஆனால் அவள் தன் வாயால், தன் தமிழில், நேரடியாக நீதிபதியிடம் பேசுவாள். சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை, ஆகவே சட்டத்தரணிக்குக் காசும் இல்லை. ஊவாவில் ஒரு தமிழ் பேசும் ஏழைப் பெண்ணின் சொல் இடையில் ஆள் இல்லாமல் நீதிபதியின் காதுக்குப் போகும் மன்றம் பெரும்பாலும் இது ஒன்றுதான். இதை இழப்பது சின்ன விடயம் அல்ல. கொழும்பில் இருந்து எழுதுபவர்களுக்கு இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை.

ஆனால் கதை அங்கே நிற்காது. காதியார் அவளுக்குச் சார்பாகத் தாபரிப்புக் கட்டளை போட்டாலும் அதை அறவிடும் பலம் அவரிடம் இல்லை. நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கே தண்டப்பணம் அறவிடுவதைப் போல அறவிட வேண்டும். ஆக, அவள் எந்தக் கட்டடத்துக்குப் போகாமல் தப்பினாளோ அதே கட்டடத்துக்கு இரண்டாவது படியாகப் போகிறாள், இந்த முறை அரைகுறையாக எழுதப்பட்ட ஒரு கோப்போடு. காதியின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேன்முறையீடு கொழும்பில் உள்ள காதிகள் சபைக்கு. அதற்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம். இந்த மேல்படிகளில் வாசிக்கப்படுவது கீழே எழுதப்பட்ட பதிவு. கீழே அவள் தமிழில் சொன்னது முழுதாக எழுதப்படாவிட்டால், மேலே அவள் பேசவே இல்லை என்றுதான் பொருள்.

சட்டத்தரணி இல்லாமை பற்றியும் ஒரு வார்த்தை. இரு தரப்பும் சமமாக இருந்தால் அது நன்மை. ஒரு தரப்பு எழுதப் படிக்கத் தெரிந்த வியாபாரி, மறு தரப்பு பதினைந்து வயதில் படிப்பை விட்ட பெண் என்றால், சட்டத்தரணி இல்லாத இடத்தில் அவளுக்காகக் கேள்வி கேட்க வேண்டியவர் காதியார்தான். அதற்குப் பயிற்சி வேண்டும். சட்டம் அந்தப் பயிற்சியைக் கேட்கவில்லை.

5. ஹகமும் காதியும்

சட்டத்தின் அமைப்பில் உள்ள ஆழமான கோளாறு இனித்தான் வருகிறது.

கணவன் தலாக் கொடுக்க விரும்பினால், மனைவி வசிக்கும் பகுதியின் காதிக்கு அறிவிக்க வேண்டும். காதி இரு தரப்பையும் சமாதானப்படுத்த முயல வேண்டும். அது சரிவராவிட்டால் 30 நாளுக்குப் பிறகு காதியின் முன் தலாக் சொல்லப்படும். கணவன் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மனைவி பஸ்ஹ் கேட்டால் கணவனின் குற்றத்தை எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும். காதியோடு மூன்று ஜூரிமார் அமர்வார்கள். இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைப் பலர் எழுதிவிட்டார்கள். 2016 இல் ஹைஷ்யமா ஹாமினும் ஹஸனா சேகு இஸ்ஸதீனும் வெளியிட்ட ஆய்வு, பெண்களின் வாக்குமூலங்களைக் கொண்டு அதை விரிவாகக் காட்டியது.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. இரண்டு வழியிலும் சமாதானம் பேசுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆள். காலையில் "பொறுத்துப் போங்க மகள், புள்ளைகளப் பாருங்க" என்று சொன்ன அதே வாய், பின்னேரம் அவளுடைய சாட்சியத்தை நம்புவதா இல்லையா என்று தீர்மானிக்கிறது. சமாதானப் பேச்சில் அவள் மனம்விட்டுச் சொன்னது, விசாரணையில் அவளுக்கு எதிராக நினைவுக்கு வரலாம். சமாதானத்துக்கு இணங்காத பெண் "பிடிவாதக்காரி" என்ற பெயரோடு விசாரணைக்குள் நுழைகிறாள்.

அல்குர்ஆன் இதை இப்படிச் சேர்த்து வைக்கவில்லை. சூரத்துந் நிஸாவின் 35 ஆவது வசனம், கணவன் மனைவிக்கிடையே பிளவை அஞ்சினால் அவனுடைய குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அவளுடைய குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் நியமிக்கும்படி சொல்கிறது. ஹகம் இருவர். இரு தரப்புக்கும் ஆளுக்கொருவர். காதி அவர்களில் ஒருவர் அல்ல. ஹகம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர், இரு தரப்பையும் அறிந்தவர், இரக்கத்தோடு பேசுபவர். காதி எட்டத்தில் இருப்பவர், இரு தரப்பையும் சமமாகப் பார்ப்பவர், எழுதித் தீர்ப்பவர். 1951 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டு தொப்பிகளையும் ஒரு தலையில் வைத்தது. அதனால் ஹகமின் நெருக்கமும் கெட்டது, காதியின் எட்டமும் கெட்டது.

இலங்கையின் பொதுச் சட்டத்துக்கே இந்த வேறுபாடு தெரியும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகள் தீர்ப்பளிப்பதில்லை. இணக்கம் வந்தால் எழுதிக் கொடுப்பார்கள், வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் கொடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். பழைய கம்சபாவ காலத்தில் ஒன்றாகக் கிடந்ததை நாடு பிரித்துவிட்டது. நாங்கள் மட்டும் பிரிக்காமல் வைத்திருக்கிறோம்.

கடலுக்கு அப்பால் இன்னொரு விதம். இந்தியாவில் 1880 ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின்படி அரசு காஜியை நியமிக்கிறது. தமிழ்நாட்டிலும் அரசு காஜி உண்டு. ஆனால் அவருக்கு நீதித்துறை அதிகாரம் எதுவும் இல்லை என்று அச்சட்டமே சொல்கிறது. காஜிகள் கொடுத்த தலாக் சான்றிதழ்களுக்குச் சட்டப் பெறுமதி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 இல் சொன்னதும் அதனால்தான். அங்கே காஜி இருக்கிறார், நீதிமன்றம் இல்லை. இங்கே நீதிமன்றம் இருக்கிறது, நீதிமன்றத்துக்கு வேண்டிய எதுவும் இல்லை.

6. அறிக்கைகளை வாசித்தல்

இதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 1990 இல் கலாநிதி எச்.எம்.இஸட். பாறூக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2009 இல் அமைச்சர் மிலிந்த மொரகொட நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் இன்னொரு குழுவை நியமித்தார். அது ஒன்பது வருடம் எடுத்து 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. கொடுத்தபோது குழு இரண்டாகப் பிளந்திருந்தது. நீதியரசர் மர்சூப் ஒரு பக்கம், ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபா மறுபக்கம். பெண்கள் காதியாகலாமா, திருமண வயது எத்தனை என்பன போன்ற கேள்விகளில் வேறுபட்டார்கள்.

அறிக்கை வெளிவந்த பிறகு நடந்த விவாதம் முழுக்கப் பிளவுபட்ட பகுதிகளைப் பற்றியதாகவே இருந்தது. காதி நீதிமன்றத்தின் தரத்தை உயர்த்த வேண்டும் என்பதில் இரு பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. ஒத்துப்போன அந்தப் பகுதியை எடுத்து "முதலில் இதைச் செய்யுங்கள்" என்று கேட்டிருந்தால் சண்டையில்லாமல் ஒரு படி ஏறியிருக்கலாம். நாங்கள் ஏறவில்லை. அடுத்த வருடம் ஏப்ரல் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு எங்கட சட்டத்தைப் பற்றிப் பேசும் தொனி நாட்டில் மாறிவிட்டது. 2021 இல் அமைச்சரவை காதி நீதிமன்றங்களை இல்லாமலாக்கத் தீர்மானித்தபோது, அதை எதிர்த்துச் சொல்ல எங்களிடம் ஒழுங்காக இயங்கும் ஒரு நீதிமன்றத்தின் உதாரணம் இருக்கவில்லை. நாங்களே சீர்செய்யாமல் விட்ட வீட்டை "பழுதடைந்த கட்டடம்" என்று சொல்லி இடிக்க வந்தார்கள். அவர்களின் நோக்கத்தைச் சந்தேகிக்கலாம். கட்டடம் பழுது என்பதை மறுக்க முடியவில்லை.

பெண் காதி பற்றிய கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு தெளிவானது. மாவர்தி காதிக்கு ஆணாக இருத்தலை நிபந்தனையாக்குகிறார். அதே இடத்தில் இமாம் அபூஹனீபா பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விடயங்களில் அவள் தீர்ப்பளிக்கலாம் என்றதையும், இப்னு ஜரீர் அத்தபரி எல்லா விடயங்களிலும் அனுமதித்ததையும் பதிந்துவிட்டு, தபரியின் கருத்தை நிராகரிக்கிறார். ஆக, இது இஜ்மா இல்லாத ஒரு கேள்வி. எங்களைப் போலவே ஷாபிஈகளான மலேசியர்கள் 2010 இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தார்கள். இந்தோனேசியாவில் அது பல பத்தாண்டுப் பழக்கம். கவனியுங்கள், அந்த இரு நாடுகளும் பெண்ணை நியமிக்கும் முன்போ அதோடு சேர்த்தோ வேறொரு வேலையும் செய்தன. ஷரீஆ நீதிபதியைப் படித்த, சம்பளம் பெறும், முழுநேர நீதிபதியாக்கின. இந்தோனேசியா 1989 இல் மார்க்க நீதிமன்றங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றி, 2004 இல் அவற்றை நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் நிர்வாகக் கூரைக்குள் கொண்டுவந்தது. இங்கே "அந்தஸ்து" என்ற தகைமை இருக்கும் வரை, ஆண் என்ற சொல்லை மட்டும் வெட்டினாலும் ஹாஜியாரின் கதிரையில் ஹாஜியானி உட்காருவாரே தவிர நீதிபதி உட்கார மாட்டார். இரண்டு சொற்களும் சேர்ந்தே போக வேண்டும் என்பது என் கருத்து. வயது விடயமும் இதோடு சேர்ந்ததுதான். நாட்டின் ஏனைய பிரஜைகளுக்கு 1995 முதல் திருமண வயது 18. எங்கட சட்டத்தின் 23 ஆம் பிரிவோ 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தைப் பதிய அனுமதிக்கும் பொறுப்பைக்கூட, பயிற்சி கேட்காத அந்த ஒரு மனிதரின் மேசையில் வைத்தது.

7. கேட்க வேண்டியவை

மூடுவதா, விடுவதா என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நீதிமன்றம் என்ற பெயர் இருக்கும் வரை நாங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு.

காதியார் பதுளை, பண்டாரவளை, வெலிமடை நீதிமன்றக் கட்டடங்களில் ஒரு அறையில், அறிவித்த நாளில், அறிவித்த நேரத்தில் அமர வேண்டும். "போன தவணையும் அவர் வரல்ல" என்று ஒரு பெண் திரும்பி வரக் கூடாது. தமிழில் முழுமையாக எழுதும் எழுத்தர் ஒருவர் வேண்டும். கோப்பு நீதிமன்றப் பதிவாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும். சட்டமும் பிக்ஹும் இரண்டும் படித்து, பரீட்சையில் தேறியவரே நியமிக்கப்பட வேண்டும். வாழத்தக்க சம்பளம் வேண்டும். தாபரிப்புக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரம் அதே கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். சமாதானம் பேசுவதைக் காதியிடமிருந்து எடுத்து, இரு தரப்பும் தெரிந்தெடுக்கும் ஹகமிடம் கொடுக்க வேண்டும். அதற்குத் தெமோதரைப் பெண் பதுளைக்குப் போக வேண்டியதில்லை. ஊரிலேயே செய்யலாம், அங்கே பெண்களும் ஹகமாக இருக்கலாம்.

இவற்றில் எதையும் கேட்க மத்ஹபை மாற்ற வேண்டியதில்லை. இவற்றில் பலவற்றை எங்கட முன்னோர்கள் ஆதாபுல் காதியில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஜம்இய்யத்துல் உலமாவும், பெண்கள் அமைப்புகளும், பள்ளி நிர்வாகங்களும், பாராளுமன்ற உறுப்பினர்களும் மற்ற எல்லாவற்றிலும் முரண்பட்டுக்கொண்டே இந்தப் பட்டியலில் மட்டும் ஒன்றாகக் கையெழுத்திடலாம். அப்படி ஒரு கடிதம் நீதி அமைச்சுக்குப் போனதாக நான் அறியேன். அதை எழுதுவதற்கு இன்னொரு குழுவும் இன்னொரு ஒன்பது வருடமும் தேவையில்லை.